அ என்றால் அமரர்

எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது அந்த வீட்டுக் கரைச்சல். வாசிப்பு வரவில்லை என்றால் அது ஊர்க் கரைச்சல். கோப்பாயில் எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து, சந்திக் கடைவரை போய் ஒரு றாத்தல் பாண் வாங்கி வருவதற்குள் எனக்கு எத்தனையோ வைத்தியம் கிடைத்துவிடும். வல்லாரைச் சம்பல் கொடுங்கோ என்பார் ஒருவர். விடியவெள்ளன எழுப்பிப் படிப்பியுங்கோ என்பார் இன்னொருவர். நாவூறு கழித்துப் பார்த்தீர்களா என்று ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவரே கேட்டார். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வந்து கோபத்தைப் பாணில் காட்டுவேன். அன்றைக்கு வெட்டும் துண்டுகள் எல்லாம் தடிப்பாக இருக்கும்.

வாசிப்பு வராத அந்தப் பிள்ளை என் மகள். ஒரே பிள்ளை. அப்போது தரம் மூன்றில் படித்துக்கொண்டிருந்தாள். கதைக்கத் தொடங்கினால் வாய் ஓயாது. தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து முன்னால் வைத்தால் மட்டும் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். தலைகீழாக நின்றாலும் திறக்காது.

குறை வைக்காமல்தான் எல்லாம் செய்தோம். விசயதசமிக்குக் கோயிலில் ஏடு தொடக்கினோம். ஐயர் அவளை மடியில் வைத்து, விரலைப் பிடித்து, தட்டத்தில் பரப்பிய அரிசியில் 'அ' எழுதுவித்தார். எழுதி முடிந்ததும் மற்றப் பிள்ளைகள் அழுதார்கள் அல்லது சிரித்தார்கள். என்னுடையது ஐயரைக் கேள்வி கேட்டது.

"ஐயா, இந்த அரிசியைப் பேந்து என்ன செய்யிறது?"

"வீட்டை கொண்டுபோய் பொங்கிச் சாப்பிடுறது பிள்ளை."

"அப்ப நான் எழுதினது?"

ஐயர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இந்தப் பிள்ளை எழுத்தைப் படிக்க முதல் எழுத்தினால் என்ன பிரயோசனம் என்று கேட்கிற சாதி என்று. எனக்கு விளங்கவில்லை. பால் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் புத்தகம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். படம் போட்ட கதைப் புத்தகங்கள் ஒரு அடுக்கு வாங்கி வைத்திருந்தேன். ஊத்தையாக்கிப் போடுவாள் என்று கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டியும் இருந்தேன். கனடாவில் இருக்கும் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா, அனுப்பிய பீங்கான் வாத்துகளுக்குப் பக்கத்தில் அவை வடிவாக அடுக்கி இருந்தன. வீட்டுக்கு வருபவர்கள் எல்லாம் பார்த்துப் பாராட்டினார்கள். மகள் கண்ணாடிக்கு வெளியே நின்று அட்டைகளைப் பார்த்தாள். அதே மச்சாள்தான் கிழமைக்கொருமுறை வீடியோ அழைப்பில் வந்து, "இஞ்சையெல்லாம் பிள்ளையளுக்குப் படுக்கிற நேரம் கதை வாசிச்சுக் காட்டுவினம், நீங்கள் செய்யிறேல்லையோ?" என்று கேட்பார். பின்னால் அவருடைய மகன் தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல் உலாவிக்கொண்டிருப்பான்.

என் கணவருக்கு இது எதுவும் ஒரு பிரச்சினையே இல்லை. அவருக்கு வெங்காயத் தோட்டம். "வாசிக்காட்டி என்ன இப்ப? என்ரை வெங்காயம் வாசிச்சே முளைக்குது?" என்பார். வெங்காயத்தை உரிக்காமலே கண்ணீர் வரவைக்கும் மனிதர்.

பள்ளிக்கூடத்தில் கதை இன்னும் மோசம். அங்கே கட்டுரை என்றால் ரீச்சர் கரும்பலகையில் எழுதுவதைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, பாடமாக்கி, பரீட்சையில் ஒப்புவிப்பது. 'எங்கள் வீட்டுப் பசு' என்று ஒரு கட்டுரை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பசு உண்டு, அதன் நிறம் வெள்ளை, அது வைக்கோல் தின்னும், அது எங்களுக்குப் பால் தரும். வகுப்பு முழுக்க எழுதினது. என் மகள் தலைப்பை மட்டும் எழுதிவிட்டுப் பென்சிலை வைத்துவிட்டாள். ஏனென்று கேட்டதற்கு, "எங்கடை வீட்டிலை பசு இல்லையே ரீச்சர்" என்றாளாம். உண்மைதான், எங்களிடம் இருந்தது இரண்டு ஆடும், அவிழ்த்துவிட்டால் வீட்டுக்குத் திரும்பி வராத ஒரு சேவலும். ஆனால் அந்த வகுப்பில் வேறு யார் வீட்டிலும் பசு இருந்ததாகத் தெரியவில்லை. எழுதின அத்தனை பசுவும் மெய்யாகவே இருந்திருந்தால் சுன்னாகம் சந்தைக்கு ஒரு கீரைப்பிடி வந்து சேர்ந்திருக்காது.

சொல்வழி கேளாது என்று கொப்பியில் சிவப்பில் எழுதி அனுப்பினார் ரீச்சர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பதிலுக்கு எழுத எனக்குக் கை துடித்தது. எழுதவில்லை. ரீச்சரோடு மோதிவிட்டு எங்கள் ஊரில் பிள்ளை வளர்க்க முடியாது.

ரீச்சர் கெட்டவர் இல்லை. சத்தம் கூட, அவ்வளவுதான். வகுப்பில் பிள்ளைகள் நிரம்பி வழிந்தார்கள், அவருக்கோ பிரஷர். அவருடைய வகுப்பில் யன்னலோரமாக ஒரு வரிசை இருந்தது. வாசிப்பு வராத பிள்ளைகளை அங்கே இருத்துவார். அவர்களுக்குப் படம் போட்ட தாள் கொடுத்து நிறம் தீட்டச் சொல்வார். கொடுமை ஒன்றும் இல்லை, அடியும் இல்லை, ஏச்சும் இல்லை. கேள்வியும் இல்லை. அதுதான் எனக்குப் பயம். அந்த வரிசைக்குப் போன பிள்ளைகள் அடுத்த வகுப்பிலும் யன்னலைத் தேடிப் போய்த் தாங்களாகவே இருந்துகொண்டதை நான் கண்டிருக்கிறேன். எந்த நேரமும் கேள்வி கேட்கிற பிள்ளையை ஒருவரும் கேள்வி கேட்காத இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்கு விருப்பமில்லை.

தவணை முடிய முதல் ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, மகளும் பக்கத்தில் நிற்க, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சொன்னார். "எழுப்பி விட்டால் வாய் திறக்கிறாள் இல்லை. எழுதச் சொன்னாலும் எழுதுறாள் இல்லை. கடைசிக் கட்டுரையை ஒருக்காப் பாப்பம். அதுவும் இல்லையெண்டால் வாற தவணை யன்னல் வரிசைதான், குறை நினைக்காதையுங்கோ."

நான் குறை நினைத்தேன். நிறையவே நினைத்தேன். "ஓம் ரீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது என் தொழிலைச் சொல்ல வேண்டும். சுன்னாகத்தில் சந்தைக்குக் கிட்ட ஒரு சின்னக் கடை எனக்கு. ஒரு கணினி, ஒரு பிரிண்டர், மூன்று கதிரை, நான். கலியாண அழைப்பிதழ் அடிப்பேன், பூப்புனித நீராட்டு விழாவுக்குப் பனர் அடிப்பேன். ஆனால் கடையைத் தாங்குவது மரண அறிவித்தல்தான். கலியாணத்துக்கு நாள் பார்த்து, ஆறுதலாக வந்து, பூ இந்தப் பக்கம் வேண்டும் அந்தப் பக்கம் வேண்டும் என்று உயிரை வாங்குவார்கள். செத்தவீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே, "அக்கா, கெதியா வேணும்" என்பார்கள். மதில், மின்கம்பம், பஸ் தரிப்பிடம் எல்லாவற்றிலும் என் கைவண்ணம் ஒட்டி இருக்கும். இந்தக் குடாநாட்டில் என்னளவு ஒட்டப்பட்ட எழுத்தாளர் இல்லை.

மகளின் பள்ளிக்கூடமும் சுன்னாகத்தில்தான். விட்டதும் கடைக்கு வந்து, மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் சாய்ந்திருந்து, பிழைபோன தாள்களின் பின்பக்கத்தில் படம் கீறிக்கொண்டிருப்பாள். அதை யாரும் ஊத்தையாக்கிப் போடுவாள் என்று பூட்டி வைக்கவில்லை. கை எட்டும் இடமெல்லாம் எழுத்துக் கிடந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு அ என்றால் அம்மா. என் பிள்ளைக்கு அ என்றால் அமரர். பெரிய எழுத்தில், இரண்டு பக்கமும் குத்துவிளக்கோடு.

அவள் அதைப் பார்த்துக் கீறுகிறாள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசிக்கிறாள் என்று எனக்குத் தெரிய வந்தது இப்படி.

ஒரு நாள் பெரிய மீசையோடு ஒருவர் வந்தார். தாயார் மோசம் போய்விட்டார், அறிவித்தல் வேண்டும். விவரம் சொன்னார், அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்தேன், தான்தான் மூத்த மகன் என்று பெயரைச் சொல்லிவிட்டு, பந்தல்காரரைப் பார்த்து வருகிறேன் என்று போனார். எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு. முந்தின அறிவித்தலை எடுத்து, பெயர்களை அழித்துப் புதுப் பெயர்களைப் போட்டால் சரி. அழுகை எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான். அவசரத்தில் அடித்து, ஒன்றை எடுத்துப் பார்க்கக் கதிரையில் வைத்தேன். மேசைக்குக் கீழே இருந்து ஒரு கை வந்து அதை எடுத்தது.

"அம்மா, இந்த மீசை மாமா எப்ப செத்தவர்?"

"விசர்க் கதை கதையாதை. அவரின்ரை அம்மாதான் செத்தது."

"இல்லை, இஞ்சை காலஞ்சென்ற எண்டு போட்டு அவரின்ரை பேர் கிடக்கு. அவர் இப்பத்தானே இதிலை இருந்து தேத்தண்ணி குடிச்சவர்."

வாங்கிப் பார்த்தேன். முந்தின அறிவித்தலில் இருந்த 'காலஞ்சென்ற' அப்படியே இருந்தது. உயிரோடு பந்தலுக்கு விலை பேசிக்கொண்டிருந்த மனிதரை நான் பரலோகம் அனுப்பியிருந்தேன். அதை அவர் பார்த்திருந்தால் அடுத்த அறிவித்தல் எனக்குத்தான் அடிக்க வேண்டி வந்திருக்கும். அவசர அவசரமாக அழித்துத் திருத்திய பிறகுதான் மற்றது உறைத்தது.

"பிள்ளை, உனக்கு இது வாசிக்கத் தெரியுமோ?"

"ஓம்."

"ஆர் சொல்லித் தந்தது?"

அவள் யோசித்தாள். "ஒருத்தரும் இல்லை. இதிலை எல்லாம் ஒரே மாதிரித்தானே எழுதியிருக்கு. ஒண்டு தெரிஞ்சா மற்றது தெரியுமே."

மெய்தான். பிறப்பிடம், வதிவிடம், அன்பு மகள், அன்பு மனைவி, பாசமிகு தாயார். வரிசை மாறாது, பெயர்தான் மாறும். கடைக்கு வருகிறவர்கள் வாயால் சொல்வதை அவள் கேட்பாள், கொஞ்ச நேரத்தில் அதுவே தாளில் விழும். காதில் விழுந்ததையும் கண்ணில் பட்டதையும் பொருத்திப் பார்த்து, ஒரு அறிவித்தலில் தெரிந்த சொல்லை அடுத்ததில் தேடி, தன்பாட்டில் படித்திருக்கிறாள். பழைய தாள்களை எடுத்து நீட்டினேன். மெதுவாக வாசித்தாள். வாசித்ததோடு விடவில்லை. இவ கோப்பாயிலை பிறந்து லண்டனிலை செத்தவ. இவருக்கு ஐந்து பிள்ளையள், ஒருத்தரும் இஞ்சை இல்லை. இந்த மாமாவும் அந்த மாமாவும் அக்கா தங்கச்சியைக் கலியாணம் முடிச்சவை, என்னம்மா? எங்கள் பக்கத்துச் சொந்த முறைகளை அவிழ்க்க எனக்கே பேப்பரும் பேனையும் வேண்டும். அவள் விரலை வைத்துக்கொண்டு அவிழ்த்தாள்.

ஒரு தாளில் மட்டும் நிறைய நேரம் நின்றாள்.

"இந்த அம்மம்மான்ரை ஒரு பிள்ளை அவவுக்கு முன்னமே செத்துப்போச்சு. காலஞ்சென்ற எண்டு ஒரு பிள்ளைக்கு மட்டும் போட்டிருக்கு. அவ பாவம், என்னம்மா?"

அந்தத் தாளை அடித்தவள் நான். அந்த வரியை அடித்த கையும் இதுதான். அடிக்கும்போது எழுத்து அளவு சரியா, வரி நேரா என்றுதான் பார்த்தேன். அழுகை எல்லா வீட்டுக்கும் ஒன்று என்று சொன்னேனே, அது எவ்வளவு திமிர்க் கதை என்று அப்போது தெரிந்தது. "ஓம், பாவம்தான்" என்றேன்.

பிறகு எனக்கு ஆசை வந்தது. தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, "அப்ப இதை வாசி பாப்பம்" என்றேன். வாய் பூட்டிக்கொண்டது.

"ஏனடி?"

"அதிலை ஒண்டும் நடக்கேல்லையே அம்மா."

திறந்து பார்த்தேன். ஆடு நின்றது. இலை ஆடியது. அவள் சொன்னது சரி.

"ரீச்சர் கேட்டால் வாசிக்கலாம்தானே?"

"நான் யோசிச்சு வாசிக்கிறதுக்குள்ளை ரீச்சர் அடுத்த பிள்ளையைக் கேட்டிடுவா."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து புத்தகங்களை எல்லாம் பாயில் கொட்டினேன். கணவர் பீங்கான் வாத்துகளுக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று ஓடி வந்தார். விசயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். "என்ரை பிள்ளை செத்த ஆக்களிட்டை படிச்சிருக்கு" என்று தோட்டத்தில் நின்றவர்களுக்கும் சொன்னார். மச்சாளுக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ரீச்சருக்கும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? 'ரீச்சர், என் மகள் நன்றாக வாசிப்பாள், யாராவது சாக வேண்டும்' என்றா?

கடைசிக் கட்டுரைக்குத் தலைப்பு வந்தது. 'எனது ஆசிரியர்'.

தாய்மாரின் வட்ஸ்அப் குழுவில் அரை மணித்தியாலத்துக்குள் மாதிரிக் கட்டுரை வந்து விழுந்தது. எனது ஆசிரியர் மிகவும் நல்லவர், அவர் வெள்ளைச் சேலை அணிவார், அவர் புன்னகை பூத்த முகம் உடையவர். யாரோ ஒரு தாய் பழைய கொப்பியில் இருந்து படம் எடுத்துப் போட்டிருந்தார். மற்றத் தாய்மார் கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கும்பிட்டேன். யன்னல் வரிசை கண்ணுக்குள் நின்றது. மகளிடம் காட்டி, "இதைப் பார்த்து எழுது குஞ்சு, இந்த ஒருக்கா மட்டும்" என்றேன்.

வாசித்துப் பார்த்தாள். "இது எங்கடை ரீச்சர் இல்லை" என்றாள். "ரீச்சர் வெள்ளைச் சீலை உடுக்கிறேல்லை. சிரிக்கிறதும் இல்லை."

"அப்ப உனக்குத் தெரிஞ்சதை எழுது. எழுதாமல் மட்டும் போகாதை."

எழுதினாள். கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு, நாக்கை வெளியே விட்டுக்கொண்டு, நிறைய நேரம் எழுதினாள். கடைசியில் நிறப் பென்சிலும் எடுத்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. எழுதுகிறாளே என்ற சந்தோசத்தில் அவளுக்கு முட்டை பொரிக்கப் போய்விட்டேன். எட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் ரீச்சரின் அழைப்பு வந்தது. குரல் வழமையான சத்தத்தில் இல்லை, அதுதான் என்னைப் பயப்படுத்தியது. "பள்ளிக்கூடம் விட்டதும் ஒருக்கா வந்திட்டுப் போங்கோ."

கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். வகுப்பில் ரீச்சரும் மகளும் மட்டும். ரீச்சரின் நெற்றியில் புதுத் திருநீறு. மேசையில் கொப்பி திறந்தபடி கிடந்தது. பக்கத்தைச் சுற்றிக் கறுப்பில் கரை. மேலே இரண்டு மூலையிலும் குத்துவிளக்கு. கீழே தாமரை. என் கடையின் அச்சு அசல்.

*சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் தரம் மூன்றை வேலையிடமாகவும் கொண்ட எங்கள் வகுப்பு ரீச்சர் அவர்கள், சிவப்பு மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் மாமாவின் அன்பு மனைவியும், பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கும் அண்ணைமாரின் பாசமிகு தாயாரும், எங்கள் எல்லோரினதும் அன்பு ரீச்சரும் ஆவார். அன்னார் கணக்கு நன்றாகப் படிப்பிப்பார். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: மாணவி.*

நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் என்றிருந்தது. அதோடு, சொன்னால் நம்பமாட்டீர்கள், நெஞ்சுக்குள் ஒரு பெருமையும் வந்தது. ஒரு வசனம் சறுக்கவில்லை. கரைகூட நேராக இருந்தது.

"விடிய இதைப் பார்த்து எனக்குத் தலை சுத்தினது," என்றார் ரீச்சர். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சிட்டுத்தான் திரும்ப வகுப்புக்குள்ளை வந்தனான். அதை விடுங்கோ. வாசிக்கத் தெரியாத பிள்ளை இப்பிடி எழுதுமோ? நீங்கள் கடையிலை அடிச்சுக் குடுத்து, பார்த்து எழுத வைச்சதுதானே?"

"ரீச்சர், பகிடிக்கெண்டாலும் நான் அப்பிடிச் செய்வனோ?"

"அப்ப பிள்ளை, நீர் எழுதினதோ?"

"ஓம் ரீச்சர்."

"நான் செத்துப்போனனோ?"

"இல்லை ரீச்சர். அதாலைதான் இறைவனடி சேர்ந்தார் எண்ட வசனத்தை நான் போடேல்லை."

நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்தால் அந்த இடத்திலேயே யன்னல் வரிசை உறுதி.

"உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஆரும் உப்பிடி எழுதுவினமோ?" என்று கேட்டார் ரீச்சர்.

மகள் யோசித்தாள். நான் குறுக்கே விழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ரீச்சரும் அடுத்த கேள்வி கேட்கவில்லை. கேட்க அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை என்று நினைக்கிறேன்.

"அம்மான்ரை கடையிலை எல்லாரும் செத்த பிறகுதான் நல்லதா எழுதுவினம்," என்றாள். "செத்தாப் பிறகு எழுதினா அவையள் வாசிக்க ஏலாதே. அதுதான் ரீச்சருக்கு இப்பவே எழுதினனான்."

இத்தனை வருசமாக எத்தனை பேருக்கு எத்தனை 'பாசமிகு' அடித்திருப்பேன். ஒருவராவது அதை வாசித்தாரா என்று நான் நினைத்ததே இல்லை. அழுகை வரும்போல் இருந்தது. ரீச்சரின் முகத்திலும் ஏதோ இளகியது.

"பாசமிகு எண்டு எழுதியிருக்கிறீர்," என்றார், குரலைத் தணித்து. "நான் பாசமெண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?"

"அது எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறது ரீச்சர்."

என் உயிர் போய் வந்தது. இந்தப் பிள்ளைக்கு ஒரு சொட்டுப் பொய் சொல்லப் பழக்கியிருந்தால் என்ன குறைந்திருக்கும்? ரீச்சர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். கொப்பியில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டி, மகளின் பக்கம் தள்ளினார்.

"சரி. எல்லாருக்கும் போடுறதை விட்டிட்டு, எனக்கு மட்டும் போடுறதை எழுதும். நான் இருக்கிறன். அம்மா பேசக்கூடாது."

கடைசி வாய்ப்பு இது என்று எனக்குத் தெரிந்தது. மகள் முன் வரிசை வாங்கில் ஏறி இருந்து பென்சிலைப் பிடித்தாள். எழுதவில்லை. இந்த முறை பார்த்து எழுத அவளுக்கு ஒன்றும் இல்லை. பிறப்பிடம் இல்லை, வதிவிடம் இல்லை, குத்துவிளக்கு இல்லை. அவள் ரீச்சரைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். திரும்ப ரீச்சரைப் பார்த்தாள். நான் யன்னல் பக்கம் பார்த்தேன். அங்கே பாதி நிறம் தீட்டிய ஒரு மயில் கிடந்தது. எழுது குஞ்சு, எதையாவது எழுது, பசு என்றாலும் எழுது என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பிறகு எழுதத் தொடங்கினாள். அழித்தாள். எழுதினாள். கொண்டுபோய்க் கொடுத்தாள். ரீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்து முடித்தும் தாளில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. பழக்கத்தில் கை கண்ணாடிக்குப் போனது, ஒரு காதில் இருந்து கழன்றும் விட்டது. பிறகு அதைத் திரும்பச் சரியாக மாட்டினார்.

"எழும்பி நிண்டு சத்தமா வாசியும் பிள்ளை. அம்மாவும் கேக்கட்டும்."

மகள் கொப்பியை வாங்கினாள். முதல் சொல்லுக்கு நேரம் எடுத்தது. ரீச்சர் காத்திருந்தார்.

"எங்கள் ரீச்சர் ஏசும்போது கண்ணாடியைக் கழற்றுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எங்களைத் தெரியாது. அதனால் அவர் ஒருவரையும் பார்த்து ஏசுவதில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது என்று அவர் சொன்ன அன்றைக்கும் கண்ணாடி அவர் கையில்தான் இருந்தது."

வாசித்துவிட்டு, சரியா என்பதுபோல் நிமிர்ந்தாள்.

"யன்னல் வரிசை வேண்டாம்," என்றார் ரீச்சர் என்னிடம். பிறகு என் மகளின் பக்கம் திரும்பி, அவளையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓம் பிள்ளை. அண்டைக்கு நான் உம்மைப் பார்க்கேல்லை."